தபாலில் வளர்ந்த அறிவியல்: 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகளின் கடிதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லஸ் டார்வினின் கடிதங்களைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். பேச்சுவாக்கில் அதைச் சொன்னால் போதும், நண்பர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். டார்வின்தான் அதிகம் வருவார். அவருடைய கடிதங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன, எனக்கு நன்றாகத் தெரிந்தவையும் அவைதான். இடையிடையே வேறு சிலரும் வருவார்கள்.

அறிவியல் இதழ்களும் சங்கங்களும் இருந்தனவே. பிறகு ஏன் இத்தனை கடிதம்?

இதழில் அச்சானது முடிந்த வேலை. பாதி வெந்த யோசனையை அங்கே வைக்க முடியாது. "எனக்கு இப்படித் தோன்றுகிறது, தப்பாக இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்க நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வேறு ஊரில் இருந்தார், சில சமயம் வேறு கண்டத்தில் இருந்தார்.

டார்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1842இல் லண்டனை விட்டு, சுமார் 16 மைல் தள்ளி கென்ட் பகுதியில் உள்ள டவுன் என்ற சிறு கிராமத்துக்குக் குடிபோனார். பிறகு சாகும்வரை, அதாவது 40 வருடம், அதே வீடுதான். உடம்பு அடிக்கடி படுத்தும். கூட்டத்துக்குப் போனால் அன்றிரவே வாந்தியும் நடுக்கமும் வரும். அப்படிப்பட்டவர் உலகம் முழுவதும் உள்ள செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றி எழுதினார் என்றால், அந்தச் செய்தியெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்தது தபால்காரரின் பையில்தான்.

அவருடைய வாழ்க்கையே ஒரு கடிதத்தில்தான் திரும்பியது. 1831 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்ஸ்லோ, பீகிள் கப்பலில் இயற்கை ஆய்வாளராகப் போக ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று எழுதினார். அப்பா முதலில் வேண்டாம் என்றார், மாமா சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். கப்பலிலிருந்து டார்வின் எழுதிய கடிதங்களின் பகுதிகளை ஹென்ஸ்லோ 1835இல் கேம்பிரிட்ஜில் ஒரு கூட்டத்தில் வாசித்து, அச்சிட்டும் கொடுத்தார். அடுத்த வருடம் டார்வின் கரை இறங்கும்போது அறிஞர்கள் மத்தியில் அவர் பெயர் ஏற்கெனவே பரவியிருந்தது.

தபால் செலவு கட்டுப்படியானதா?

1840க்கு முன்னால் ரொம்பக் கஷ்டம். பிரிட்டனில் கடிதத்துக்குப் பெரும்பாலும் வாங்குபவர்தான் காசு கொடுக்க வேண்டும். தூரத்துக்கு ஏற்ப, தாள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். அதனால் ஒரே தாளில் எழுதி முடித்து, அதையே பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். படிப்பவர் பாடு திண்டாட்டம்.

ரோலண்ட் ஹில் முன்வைத்த சீர்திருத்தத்தால் 1840 ஜனவரியில் நாடு முழுவதும் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி என்றானது. அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டலாம். அந்த மே மாதம் முதல் தபால்தலை வந்தது. டவுன் கிராமத்துக்கு டார்வின் குடிபோனது அதற்கு இரண்டே வருடம் கழித்து. இந்த மலிவுத் தபால் இல்லாவிட்டால் அவர் வேலை செய்த முறையே சாத்தியமில்லை என்று நான் நினைக்கிறேன். வெளிநாட்டுக் கடிதங்களுக்கான செலவும் குழப்பமும் பிறகும் நீடித்தன. 1874இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்த பிறகுதான் அது சீராகத் தொடங்கியது.

டார்வின் எத்தனை கடிதம் எழுதினார்? அவருக்கு வேறு வேலையே இல்லையா?

அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 15,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. எதிர்முனையில் சுமார் 2,000 பேர்.

அவருடைய நாள் எப்படிப் போகும் என்று மகன் ஃபிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை ஆராய்ச்சி. பிறகு கூடத்துக்கு வந்து தபாலைப் பார்ப்பார். குறைவாக வந்திருந்தால் சந்தோஷப்படுவார். சோபாவில் படுத்துக்கொள்வார், குடும்பக் கடிதங்களை யாராவது வாசித்துக் காட்டுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்தித்தாள். அப்புறம் கணப்பு அருகே ஒரு பெரிய நாற்காலியில் சாய்ந்து, கைப்பிடிகளின் மேல் ஒரு பலகையை வைத்து, பதில் எழுத உட்கார்வார்.

வந்த கடிதம் எதுவானாலும் பதில் போடுவார், அசட்டுத்தனமானதாக இருந்தாலும்கூட. பதில் போடாமல் விட்டால் இரவில் மனசு உறுத்துமாம். தொந்தரவு செய்பவர்களுக்கு அனுப்ப ஒரு அச்சடித்த படிவம் வைத்திருந்தார், ஆனால் அதைப் பயன்படுத்தியதே அபூர்வம். அவரைப் பற்றிப் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

"கொலையை ஒப்புக்கொள்வது போல" என்று அவர் எழுதியது எதைப் பற்றி?

1844 ஜனவரி 11 தேதியிட்ட கடிதம் அது. எழுதப்பட்டது தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கருக்கு. அப்போது டார்வினுக்கு வயது 34. ஹூக்கருக்கு 26, நான்கு வருட அண்டார்க்டிக் கடற்பயணம் முடிந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். இருவருக்கும் நெருங்கிய பழக்கம்கூட இன்னும் ஏற்படவில்லை.

கடிதத்தில் முதலில் வருவதெல்லாம் தீவுகளின் செடிகள் பற்றிய சாதாரணக் கேள்விகள். பிறகு திடீரென்று விஷயத்துக்கு வருகிறார். தொடங்கும்போது தான் கொண்டிருந்த கருத்துக்கு நேர்மாறாக, உயிரினங்கள் மாறாதவை இல்லை என்று இப்போது ஏறக்குறைய உறுதியாக நம்புகிறேன் என்கிறார். அந்த வாக்கியத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: இது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது.

ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்பதை மரியாதைப்பட்ட அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்த காலம். கேம்பிரிட்ஜில் டார்வினுக்குப் பாடம் சொன்னவர்களே மதகுருக்கள். வாக்கியத்தை நேராகச் சொல்லி முடிக்க முடியாமல் அவர் நடுவில் நிறுத்தியதில் அந்தப் பயம் அப்படியே தெரிகிறது. அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் டார்வினை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

ஹூக்கரின் பதில் அந்த மாத முடிவிலேயே வந்தது. கூச்சலும் இல்லை, உபதேசமும் இல்லை. உயிரினங்களில் படிப்படியான மாற்றம் நடந்திருக்கலாம் என்று தனக்கும் தோன்றுவதாகவும், அது எப்படி நடந்தது என்று நீங்கள் நினைப்பதைக் கேட்க ஆவலாக இருப்பதாகவும், இதுவரை யார் சொன்னதும் தனக்குத் திருப்தி தரவில்லை என்றும் எழுதினார். அந்த ஒரு பதிலில் நட்பு நிலைத்துவிட்டது. அடுத்த 38 வருடங்களில் இருவருக்கும் இடையே சுமார் 1,400 கடிதங்கள் போய் வந்தன.

அவர்கள் அறிவியல் மட்டும்தான் பேசினார்களா?

இல்லை. 1863 செப்டம்பரில் ஹூக்கரின் ஆறு வயது மகள் இறந்துபோனாள். ஒரு மணி நேரத்துக்கு முன் குழந்தை போய்விட்டாள் என்று அவர் டார்வினுக்கு எழுதினார். அந்த நேரத்தில் பேனாவை எடுத்து எழுத வேண்டும் என்று ஹூக்கருக்குத் தோன்றியது டார்வினுக்குத்தான். 1851இல் தன் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தவர் டார்வின்.

சிரிக்க வைக்கும் சம்பவங்களும் உண்டு. 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தின் ஒரு பகுதிக் கையெழுத்துப் பிரதியை ஹூக்கரிடம் பார்வைக்கு அனுப்பியிருந்தார் டார்வின். அது எப்படியோ ஹூக்கர் வீட்டில் குழந்தைகள் படம் வரையும் தாள்களோடு சேர்ந்துவிட்டது. கிட்டத்தட்ட கால்வாசி போயே போய்விட்டது. நல்ல வேளையாக டார்வினிடம் பழைய பிரதி இருந்தது. இல்லாவிட்டால் இந்த இழப்பு என்னைக் கொன்றிருக்கும் என்று எழுதினார். நட்பு முறியவில்லை.

வாலஸ் அனுப்பிய கடிதத்தின் கதை என்ன?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. பறவைத் தோலும் பூச்சிகளும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி விற்றுத்தான் சாப்பாடு. 1854 முதல் மலாய்த் தீவுக்கூட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்து டார்வினுக்குக் கடிதம் எழுதினார், டார்வினும் பதில் போட்டார். 1855இல் வாலஸ் எழுதிய கட்டுரையை யாருமே கவனிக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அப்படியில்லை, லயலும் கல்கத்தாவில் இருக்கும் விலங்கியலாளர் பிளைத்தும் அதைக் குறிப்பிட்டு என்னிடம் சொன்னார்கள் என்று 1857 டிசம்பரில் டார்வின் தேறுதலாக எழுதினார். சார்லஸ் லயல் அன்றைய புவியியலாளர்களில் முதல் வரிசையில் இருந்தவர்.

1858 பிப்ரவரியில், காய்ச்சலோடு கிடந்த நேரத்தில், வாலஸுக்கு ஒரு யோசனை பளிச்சென்று பட்டது. உணவுக்கும் இடத்துக்கும் நடக்கும் போராட்டத்தில் தகுந்தவை பிழைக்கின்றன, தகாதவை அழிகின்றன, இப்படித்தான் உயிரினங்கள் மாறுகின்றன. டெர்னாட்டே தீவின் பெயரைப் போட்டு ஒரு கட்டுரை எழுதி, அதை டார்வினுக்கே அனுப்பினார். தகுதி இருப்பதாகத் தோன்றினால் லயலிடம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். டச்சுக் கப்பலில் தீவுகளைத் தாண்டி, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தபால் கப்பலுக்கு மாறி, சூயஸ் வழியாகத் தரையில் எகிப்தைக் கடந்து இங்கிலாந்து போகும் பாதை அது. அந்தக் கப்பல்கள் நின்று போகும் துறைமுகங்களில் இலங்கையின் காலியும் ஒன்று.

ஜூன் 18 அன்று டார்வின் லயலுக்கு எழுதிய கடிதத்தில் அதிர்ச்சி அப்படியே இருக்கிறது. முந்திக்கொள்ளப்படுவேன் என்று நீங்கள் எச்சரித்தது பலித்துவிட்டது என்கிறார். இப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை, 1842இல் நான் எழுதிய குறிப்பு வாலஸிடம் இருந்திருந்தால்கூட இதைவிட நல்ல சுருக்கத்தை அவர் தந்திருக்க முடியாது என்கிறார். இருபது வருட உழைப்பு. ஒரு வாரம் கழித்து இன்னொரு கடிதம்: நான் அற்பமாக நடந்துகொண்டேன் என்று வாலஸோ வேறு யாரோ நினைப்பதைவிட, என் புத்தகம் முழுவதையும் எரித்துவிடுவேன்.

அதே நாட்களில் வீட்டில் செங்காய்ச்சல். ஒன்றரை வயதுக் கடைக்குட்டி ஜூன் 28 அன்று இறந்தது. என்னால் இப்போது யோசிக்க முடியவில்லை என்று சொல்லி, தாள்களை ஹூக்கரிடம் அனுப்பிவிட்டார். ஹூக்கரும் லயலும் ஏற்பாடு செய்து ஜூலை 1 அன்று லண்டனில் இயற்கை ஆய்வாளர்களின் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தையும் சேர்த்து வாசிக்க வைத்தார்கள். டார்வின் குழந்தையை அடக்கம் செய்த துக்கத்தில் வீட்டில் இருந்தார், வாலஸோ கடல்களுக்கு அப்பால் இருந்தார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று டார்வின் தரப்பில் வாசிக்கப்பட்டதில் ஒன்று அவர் 1844இல் எழுதி அச்சிடாமல் வைத்திருந்த கட்டுரையின் பகுதி. இன்னொன்று, 1857 செப்டம்பரில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு அனுப்பிய கடிதத்தோடு இருந்த சுருக்கம். தேதியோடு ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம்தான் அவருக்குச் சாட்சி சொன்னது.

அப்படியானால் டார்வின் வாலஸை ஏமாற்றிவிட்டாரா?

கடிதம் ஜூன் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது, டார்வின் இரண்டு வாரம் மறைத்து வைத்திருந்தார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதற்கு ஆதாரமாகச் சொல்வது வாலஸின் வேறொரு கடிதம். மார்ச்சில் டெர்னாட்டேவிலிருந்து புறப்பட்ட அது, ஜூன் 3 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் ஊருக்கு வந்து சேர்ந்ததற்கு முத்திரை இருக்கிறது. ஆனால் டார்வினின் 1857 டிசம்பர் கடிதம் டெர்னாட்டேவுக்கு வந்ததே அந்த மார்ச் கப்பலில்தான், அதற்குப் பதிலாக வாலஸ் கட்டுரையோடு அனுப்பிய கடிதம் அடுத்த மாதக் கப்பலில்தான் போயிருக்க முடியும் என்று 2012இல் இரு ஆய்வாளர்கள் கப்பல் அட்டவணைகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படிப் பார்த்தால் ஜூன் 18 சரியாகப் பொருந்துகிறது. எனக்கு இந்த வாதம்தான் நம்பும்படி இருக்கிறது.

ஆனால் ஒன்று சரியில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டுப் பதில் வர அரை வருடம் ஆகியிருக்கும், உண்மைதான். என்றாலும் அவருக்குத் தெரியாமலேயே அவர் கட்டுரை வெளியானது. செய்தி தெரிந்தபோது வாலஸ் கோபப்படவில்லை. இங்கிலாந்தின் பெரிய அறிஞர்கள் இருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று அம்மாவுக்குப் பெருமையாக எழுதினார். பிற்பாடு அவர் பணக்கஷ்டத்தில் இருந்தபோது, 1881இல், அரசிடமிருந்து வருடம் 200 பவுண்டு ஓய்வூதியம் கிடைக்க டார்வின் முன்னின்று பாடுபட்டார். டார்வினின் சவப்பெட்டிக்கு உடன் நடந்தவர்களில் வாலஸும் ஒருவர்.

கடிதத்தோடு வேறு என்னவெல்லாம் வரும்?

என்னதான் வராது! விதை, காய்ந்த செடி, கடல் பாறைகளில் ஒட்டி வளரும் கொட்டலசு, புறாத்தோல், கோழி எலும்பு எல்லாம் வரும். ஆல்ஃபிரட் நியூட்டன் என்ற பறவையியலாளர் ஒரு கௌதாரியின் காலை அனுப்பினார். அதில் ஆறரை அவுன்ஸ் மண் உருண்டையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. மூன்று வருடம் சும்மா கிடந்த அந்த மண்ணை உடைத்து, தண்ணீர் ஊற்றி, கண்ணாடி மூடிக்குள் வைத்தார் டார்வின். 82 செடிகள் முளைத்தன. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து ஒருவர் வெட்டுக்கிளிகளின் எச்சத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பினார், அதிலிருந்து ஏழு புல்செடிகள் வந்தன. விதைகள் கடல் தாண்டித் தீவுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்கின்றன என்ற கேள்விக்கு இப்படித் துளித்துளியாகத்தான் பதில் சேர்ந்தது.

1862 ஜனவரியில் ஜேம்ஸ் பேட்மன் என்பவர் ஆர்க்கிட் பூக்களை ஒரு பெட்டியில் அனுப்பினார். அதில் மடகாஸ்கரைச் சேர்ந்த வெள்ளைப் பூ ஒன்று, அதன் தேன்குழல் கிட்டத்தட்ட ஓர் அடி நீளம். அடக் கடவுளே, இதில் எந்தப் பூச்சி தேன் குடிக்கும் என்று உடனே ஹூக்கருக்கு எழுதினார். அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்று அந்த வருடமே அச்சிலும் சொன்னார். அந்த அந்துப்பூச்சி 1903இல் அறிவியலுக்கு அறிமுகமானது. டார்வின் இறந்து 21 வருடம் ஆகியிருந்தது.

பெரிய மனிதர்கள் மட்டும்தான் எழுதிக்கொண்டார்களா? பெண்கள்?

கடிதத்தின் பெரிய நன்மையே அதுதான், எழுதுபவரின் உடையோ பட்டமோ உறைக்கு வெளியே தெரியாது. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வேலை செய்த ஜான் ஸ்காட் என்ற தோட்டக்காரர் 1862இல் டார்வினுக்கு எழுதினார். ஆர்க்கிட் புத்தகத்தில் நீங்கள் சொன்ன ஒரு விஷயம் தவறு என்பதுதான் கடிதம். டார்வின் அசந்துபோனார். இப்படிப் பார்க்கத் தெரிந்தவர் சாதாரண ஆள் இல்லை என்று, தொடர்ந்து எழுதி, சோதனைகள் சொல்லிக்கொடுத்து, பின்னர் இந்தியாவுக்குப் போகவும் உதவினார். ஸ்காட் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்தார்.

மான்செஸ்டரைச் சேர்ந்த லிடியா பெக்கர் 1863 முதல் செடிகளைப் பற்றி டார்வினுக்கு எழுதினார், மாதிரிகளும் அனுப்பினார். தான் தொடங்கிய பெண்கள் சங்கத்தில் வாசிக்க ஏதாவது கட்டுரை தருவீர்களா என்று 1866இல் கேட்டார், டார்வின் அனுப்பி வைத்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களில் முன்வரிசையில் நின்ற அதே லிடியா பெக்கர்தான் இவர். அமெரிக்காவின் நியூஜெர்சியிலிருந்து மேரி ட்ரீட், பூச்சி தின்னும் தாவரங்களைத் தான் மணிக்கணக்கில் கவனித்ததை எழுதினார். டார்வின் அதைத் தன் புத்தகத்தில் அவர் பெயர் சொல்லியே சேர்த்தார்.

இன்னும் பழைய கதை சோஃபி ஜெர்மேனுடையது. பிரெஞ்சுக்காரர். கணிதமேதை காவுஸுக்கு 1804 முதல் 'திருவாளர் லெபிளாங்க்' என்ற ஆண் பெயரில் எழுதினார். 1806இல், நெப்போலியனின் படை காவுஸ் இருந்த பிரவுன்ஷ்வைக் நகரைப் பிடித்திருந்தபோது, அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று தெரிந்த தளபதி ஒருவர் மூலம் விசாரித்தார். அதனால் உண்மைப் பெயர் வெளிவந்தது. காவுஸ் வியந்து பாராட்டி நீண்ட பதில் எழுதினார். நம் வழக்கங்களாலும் தப்பெண்ணங்களாலும் ஒரு பெண் இந்தத் துறையில் ஆண்களைவிட எத்தனையோ மடங்கு தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று அதில் ஒத்துக்கொண்டார். பெயரை மறைத்தால்தான் மதிப்பு கிடைக்கும் என்று ஒரு பெண் நினைக்க வேண்டியிருந்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது.

நம் பக்கத்திலிருந்து யாராவது எழுதினார்களா?

உண்டு. சென்னை மாகாண அரசில் உயர் பதவியில் இருந்த வால்டர் எலியட் புறாத்தோல்களை அனுப்பினார். 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தில் டார்வின் அவருக்கு நன்றி சொல்கிறார். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தை நடத்திய த்வேட்ஸும் டார்வினுக்கு எழுதியவர்.

1867 வாக்கில் டார்வின் ஒரு கேள்விப்பட்டியலைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். ஆச்சரியப்படும்போது கண் விரிகிறதா, வெட்கத்தில் முகம் சிவக்கிறதா, ஆமோதிக்க மேலும் கீழும், மறுக்கப் பக்கவாட்டிலும் தலையை ஆட்டுகிறார்களா என்றெல்லாம் கேட்டிருந்தார். சரி என்று சொல்லவே பக்கவாட்டில் தலையசைக்கும் நம் ஊரை நினைத்தால், அந்தக் கடைசிக் கேள்வி எத்தனை கூர்மையானது என்று புரியும். இலங்கையிலிருந்து கிளெனி என்ற பாதிரியாரும், கல்கத்தாவிலிருந்து நாம் மேலே பார்த்த ஜான் ஸ்காட்டும் பதில் அனுப்பினார்கள். இங்கே ஒரு குறையும் இருக்கிறது. பதில் எழுதியவர்கள் ஐரோப்பியர்கள். யாருடைய முகங்களைப் பார்த்து எழுதினார்களோ, அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை.

வேறொரு துறையிலும் ஒரு கடிதம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பார்க்க, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் வந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கிரகணம் இல்லாமலேயே பார்க்கலாம் என்று கண்டுபிடித்து பாரிஸுக்கு எழுதினார். அது போய்ச் சேர்வதற்குள் இங்கிலாந்தில் லாக்யர் என்ற வானியலாளரும் அதே வழியைக் கண்டுபிடித்துவிட்டார். இருவர் செய்தியும் அக்டோபர் 26 அன்று ஒரே அமர்வில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வந்தது. சண்டை வரவில்லை. இருவர் முகமும் பொறித்து பிரெஞ்சு அரசு ஒரு பதக்கம் வெளியிட்டது.

மெண்டல் டார்வினுக்கு எழுதினாரா?

அப்படி ஒரு கடிதம் கிடையாது. மெண்டலின் கட்டுரை டார்வின் வீட்டில் பக்கம் வெட்டப்படாமலே கிடந்தது என்ற கதையும் உண்மையில்லை, அவர் நூலகத்தில் அது இருக்கவே இல்லை.

மெண்டல் எழுதியது மியூனிக் நகரின் தாவரவியலாளர் கார்ல் நேகெலிக்கு. 1866இன் கடைசி நாள் தொடங்கி 1873 வரை எழுதிய பத்துக் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. செடியின் குணங்கள் அடுத்த தலைமுறைக்கு எப்படி இறங்குகின்றன என்று பட்டாணிச் செடிகளில் பல வருடம் உழைத்துக் கண்ட கணக்கை அவர் பொறுமையாக விளக்குகிறார், சோதித்துப் பாருங்கள் என்று விதைப் பொட்டலங்களும் அனுப்புகிறார். நேகெலிக்கு அதன் அருமை பிடிபடவில்லை. அவருக்குப் பிரியமான ஹைராசியம் என்ற மஞ்சள் பூச்செடியின் பக்கம் மெண்டலின் முயற்சி திரும்பியது. அந்தச் செடியில் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே விதை உண்டாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதனால் பட்டாணியில் வந்த கணக்கு அதில் வரவில்லை. சின்னஞ்சிறு பூக்களை லென்ஸும் கண்ணாடியும் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் வலியும் வந்தது. எதிர்முனையில் ஒரு ஹூக்கர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இந்தக் கடிதங்களை என்னால் படிக்க முடிந்ததில்லை.

மார்க்ஸ் தன் 'மூலதனம்' நூலை டார்வினுக்குச் சமர்ப்பிக்க விரும்பினாராமே?

நம் ஊர் மேடைகளில் அடிக்கடி கேட்கும் கதை. தவறு. மார்க்ஸ் 1873இல் ஒரு பிரதியைக் கையெழுத்திட்டு அனுப்பினார், டார்வின் நன்றி சொல்லி எழுதினார். அது உண்மை. சமர்ப்பணம் வேண்டாம் என்று டார்வின் 1880இல் எழுதிய கடிதம் மார்க்ஸின் மகள் எலியனோரின் துணைவரான எட்வர்ட் ஏவ்லிங்குக்கு. அவர் புத்தகத்துக்குத்தான் அந்தப் பதில். அவருடைய தாள்களும் மார்க்ஸின் தாள்களும் ஒன்றாகக் கலந்துபோனதால் வந்த குழப்பம் இது.

உயிரியல் தவிர்த்து ஒரே ஒரு கடிதம் படி என்றால் எதைச் சொல்வீர்கள்?

இயற்பியலாளர் ஃபாரடே இன்னொரு இயற்பியலாளரான மாக்ஸ்வெல்லுக்கு 1857இல் எழுதியவை. ஃபாரடே ஒரு கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், கணிதம் படித்ததில்லை. காந்தத்தைச் சுற்றியுள்ள விசையைக் கோடுகளாகக் காட்டும் அவருடைய விசைக்கோடுகள் என்ற யோசனையைக் கணிதத்தில் வார்த்துக் கட்டுரை அனுப்பினார் 25 வயது மாக்ஸ்வெல். அறுபதைத் தாண்டிய ஃபாரடே எழுதுகிறார்: இவ்வளவு கணித பலம் இதன் மேல் பிரயோகிக்கப்படுவதைப் பார்த்து முதலில் பயந்தே போனேன், பிறகு விஷயம் அதை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்று வியந்தேன். அதே வருடம் நவம்பரில் ஒரு கேள்வியும் கேட்கிறார். கணிதக்காரர்கள் தங்கள் முடிவுகளைச் சித்திர எழுத்திலிருந்து சாதாரண மொழிக்குப் பெயர்த்து எங்களுக்கும் தரக் கூடாதா? தெரியாது என்று சொல்ல அவர் கூசவே இல்லை.

எல்லாக் கடிதங்களும் தப்பியதா?

இல்லை. கடைகளில் பில் குத்தி வைக்கும் கம்பி இருக்குமே, அதைப் போன்ற கம்பிகளில்தான் டார்வின் வந்த கடிதங்களைக் குத்தி வைப்பார். கம்பிகள் நிரம்பிவிட்டால், அவற்றைக் காலி செய்வதற்காகச் சில வருடத்துக் கடிதங்களை எரித்துவிடுவார். 1862க்கு முன் அவருக்கு வந்தவற்றில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. வேண்டிய குறிப்பு உள்ள இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துத் தலைப்பு வாரியாகப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. வாலஸ் டெர்னாட்டேவிலிருந்து அனுப்பிய அந்தக் கடிதமும் இன்று இல்லை.

எங்கே படிக்கலாம்?

டார்வின் கடிதத் திட்டம் 1974இல் தொடங்கி, முதல் தொகுதி 1985இலும் கடைசியான 30ஆவது 2023இலும் வந்தன. கடிதங்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆங்கிலம்தான், ஆனால் கடினமான ஆங்கிலம் இல்லை. வரிசையாகப் போக வேண்டாம். முதலில் 1844 ஜனவரியில் ஹூக்கருடன் நடந்த பரிமாற்றத்தைப் படியுங்கள், பிறகு 1858 ஜூன் மாதம் முழுவதையும் தேதி வாரியாகப் படியுங்கள்.

டார்வினின் கடைசிக் கடிதங்கள் எதைப் பற்றியவை?

1882 பிப்ரவரியில் நார்தாம்ப்டன் ஊரிலிருந்து, செருப்புத் தொழில் செய்த வால்டர் கிரிக் என்பவர் எழுதினார். ஒரு நீர்வண்டைப் பிடித்தேன், அதன் காலைக் கவ்வியபடி ஒரு குட்டிச் சிப்பி இருந்தது என்று. டார்வினுக்கு வயது 73, நெஞ்சுவலி. ஆனாலும் சிப்பி எவ்வளவு பெரியது, எந்தக் காலில் என்று கேட்டு எழுதினார். கிரிக் வண்டையும் சிப்பியையுமே தபாலில் அனுப்பிவிட்டார். வண்டு வந்து சேர்ந்தபோது குற்றுயிராக இருந்தது. அது வேதனைப்படாமல் சீக்கிரம் சாகட்டும் என்று, நறுக்கிய லாரல் இலைகள் போட்ட பாட்டிலில் அதை வைத்ததாக டார்வின் பதில் எழுதினார்.

ஒரு குளத்துச் சிப்பி இன்னொரு குளத்துக்கு எப்படிப் போகிறது என்ற பழைய கேள்விக்கு இன்னொரு சின்னப் பதில். அது ஏப்ரல் 6 அன்று 'நேச்சர்' இதழில் அச்சானது. ஏப்ரல் 19 அன்று டார்வின் இறந்தார். அந்த வால்டர் கிரிக்கின் பேரன்தான் 1953இல் ஜேம்ஸ் வாட்சனோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டுபிடித்த ஃபிரான்சிஸ் கிரிக்.